தேவயானி பிடுங்கி நட்ட குச்சிகள்

கோவர்த்தனனுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆந்திர எல்லையில், பிச்சாட்டூருக்குக் கீழே ஆரணியாற்றங்கரையில் இரண்டேகால் ஏக்கர் நிலம், மூன்று ஜெர்சி மாடுகள், ஒரு பெண்டாட்டி, கட்டிக்கொடுத்த ஒரு மகள், ஒரு சபதம். இவற்றில் சபதம்தான் ஊர் முழுக்கப் பிரசித்தம். கண்ணெதிரே புத்தம் புதுத் தரைப்பாலம் இருக்க, அதை ஒட்டினாற்போல வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போகிற மனிதரை வேறு எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்? பாலம் திறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் கால் அதன் மேல் பட்டதில்லை. தண்ணீர் இடுப்பைத் தாண்டினால் பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போவார். பால் சென்டரில் சிரித்தார்கள். சிரிங்கடா என்று விட்டுவிட்டார்.

ஆனால் மகளை அப்படி விட முடியுமா? காணும் பொங்கலன்று காலையில் அவள்தான் வசமாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் காணும் பொங்கலுக்கு யாரும் வீட்டில் தங்க மாட்டார்கள். புளிசோறு, தயிர்சோறு, வடை என்று கட்டிக்கொண்டு ஆற்றங்கரையோடு நடந்து, அக்கரை மாந்தோப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழத் திரும்புவார்கள். மகள் பிரீத்தி, புருஷன் ஹரிபிரசாத்தோடு சத்தியவேட்டிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டாள். இருவருக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை. அவள் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டி கூட வெளியே போகாது என்று கோவர்த்தனன் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். இப்போது அவளுக்கு ஏழாம் மாசம்.

செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்தாள்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. தலைப்பிரசவத்துக்கு இங்கதான் வரணும்னு சொல்லிக்கினு இருக்கீங்க. சரி, வரேன். வலி எடுத்தா ஆஸ்பத்திரி அக்கரையில இருக்குது. அன்னிக்கு என்னை வண்டியில ஏத்திக்கினு அம்மா பாலத்து மேல போவா. நீ இன்னா பண்ணுவ? வேட்டிய தூக்கிக்கினு பக்கத்துல தண்ணியில வருவியா?"

கோவர்த்தனன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு என் கையப் புடிச்சிக்கினு பாலத்து மேல நட. நடந்தா பிரசவம் இங்க. இல்லன்னா சத்தியவேட்டுல எங்க அத்தை வீட்டுலயே பெத்துக்கறேன். அவங்க வேணாம்னா சொல்லப் போறாங்க?"

ஹரிபிரசாத் சட்டென்று குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். மாமனார் வீட்டுச் சண்டையில் தலை கொடுக்காத புத்திசாலி.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வராவிட்டால் ஊர் நாலு விதமாகப் பேசும். பேசிவிட்டுப் போகட்டும், அது ஒரு பக்கம். அந்த வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டு இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. அது கோவர்த்தனனுக்கு வேண்டும். யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் அதை ஆசை ஆசையாக வைத்திருந்தார். சபதம் ஒரு கண், மகள் ஒரு கண் என்றாகிவிட்டது. சபதம் போட வைத்து அவரை இப்படி மாட்டிவிட்டவள் யாரென்றால், சோற்று வாளியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, எதுவும் காதில் விழாதவள் மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்த தேவயானிதான். அவர் பெண்டாட்டி.

கரையோரப் பாதையில் நாணல் இரண்டு பக்கமும் ஆள் உயரம் நின்றது. மார்கழியில் அணையில் ஷட்டர் தூக்கியிருந்தார்கள். ஆறு நிறையத் தண்ணீர். நடந்தபடியே பிரீத்தி புருஷனுக்கு ஒவ்வொரு இடமாகக் கைகாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஹரி, அந்தப் புங்கமரம் தெரியுதில்ல, அதுலதான் எனக்குத் தூளி. அம்மா பால் கேனை அக்கரையில எறக்கிட்டு வர்ற வரைக்கும் நான் தூளியில, நைனா பக்கத்துல. ஒரு நாள் நைனா தூங்கிட்டாரு. தூளியில ஓணான் ஏறிடுச்சி."

"நான் எங்கடி தூங்கினேன்? கண்ண மூடிக்கினு இருந்தேன்."

"குறட்டை விட்டுக்கினு கண்ண மூடியிருந்தாரு" என்றாள் தேவயானி, திரும்பாமலே.

இந்தத் தேவயானியைப் பற்றிச் சொல்லாமல் மேலே நடக்க முடியாது. நாகலாபுரத்துப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வாழ வந்தவள். வந்த வருஷமே ஊரில் ஒரு கூத்தைப் பார்த்தாள். பால் சென்டர் அக்கரையில். காலை ஆறு மணிக்குப் பால் வண்டி கிளம்பிவிடும். ஆறு காய்ந்திருக்கும்போது மணலில் நேராக நடந்து போய் ஊற்றிவிட்டு வருவார்கள். மழை வந்து தண்ணீர் ஓடினால் அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. பன்னிரண்டு வீட்டுப் பாலும் வீட்டிலேயே கிடந்து திரியும். கன்றுக்குட்டிகள் குடித்தது போக மீதி தயிர், மோர், யாருக்கும் வேண்டாத நெய். எல்லோரும் அதை மழைக்காலத்து விதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

புது மருமகள் எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மாசம் ஒரு நாள் கையில் மூங்கில் கழியோடு ஆற்றில் இறங்கினாள். கழியை ஊன்றிப் பார்ப்பது, ஓர் அடி வைப்பது, மறுபடி ஊன்றுவது. காலையில் தொடங்கி உச்சிவேளை வரைக்கும் கரை நீளத்துக்கும் இதே வேலை. தாலிக் குண்டு ஏதோ தண்ணீரில் விழுந்துவிட்டது என்று கோவர்த்தனன் பதறிப்போய் ஓடினார். அவள் ஆற்றின் நட்டநடுவே நின்றாள். தண்ணீர் முட்டி வரைக்கும்தான்.

"இங்க பாறைய்யா! இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை வரைக்கும் மணலுக்கு அடியில பாறை. தெருக்கோடியில நேரா எறங்கினா ஆள் முழுகுது, இங்க முட்டியத் தாண்டல பாரு!"

ஊர் இறங்கும் இடத்துக்கு இருநூறு மீட்டர் மேலே இருந்தது அந்த இடம். மறுநாளிலிருந்து சும்மாடு வைத்து, தலையில் ஒரு கேன், இடுப்பில் ஒரு கேன், பன்னிரண்டு வீட்டுப் பாலும் அவளோடு ஆற்றைக் கடந்தது. இருபத்தெட்டு வருஷம். ஷட்டர் முழுசாகத் தூக்கிவிட்ட நாட்கள் நீங்கலாக ஒரு நாள் தவறவில்லை. பிரீத்தி அக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது போனதும் அவளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். தாய் முன்னால், பெண் பின்னால், புத்தகப் பை பெண்ணின் தலையில். அந்த ஊரிலிருந்து, ஷட்டர் தூக்கிய நாட்கள் போக, மழைக்காலத்தில் ஒரு நாள் கூட லீவ் போடாமல் பத்தாவது முடித்த பிள்ளை பிரீத்தி ஒருத்திதான்.

"அதனாலதான் இவ என்னையும் லீவ் போட விடமாட்டேங்கறா அத்தை" என்றான் ஹரிபிரசாத். எல்லோரும் சிரித்தார்கள். கோவர்த்தனன் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார்.

மற்ற பிள்ளைகளும் போக வேண்டும் என்றுதான் தேவயானி பாலத்துக்கு அர்ஜி கொடுக்கக் கிளம்பினாள். அவளுக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. பிரீத்தி எழுதுவாள், இவள் எடுத்துக்கொண்டு போவாள். திங்கட்கிழமை மனு வாங்குகிற நாளில் சித்தூர் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் நிற்பாள். மாவட்டம் பிரிந்து இவர்கள் ஊர் திருப்பதியோடு சேர்ந்ததும், புதுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு திருப்பதி வராந்தாவில் நின்றாள். ஒன்பது வருஷம்! வேறு யாராக இருந்தாலும் போங்கடா என்று மூன்றாம் திங்கட்கிழமையே வீட்டில் படுத்திருப்பார்கள்.

கடைசியில் ஒரு மார்ச் மாசம் பாலத்துக்கு இடம் குறிக்க உதவி இன்ஜினீயர், ஏ.இ., வந்தார். டேப், சுண்ணாம்பு, மூங்கில் குச்சிகள். "இக்கட நுஞ்சி எக்கட தாட்டுதாரு?" எங்கே கடப்பீர்கள் என்று ஊர்க்காரர்களைக் கேட்டார். தேவயானி அந்நேரம் மாடு மேய்க்கப் போயிருந்தாள். ஆறோ பொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. வருஷத்தில் எட்டு மாசம் ஆற்று மணலில் தெருவில் நடக்கிற மாதிரி நடந்து பழகிய ஜனங்கள். மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கமே போகாதவர்கள். எல்லோரும் ஒரே குரலில் தெருக்கோடிக்கு நேரே கையைக் காட்டினார்கள். அதில் முதலில் நீண்ட கை யாருடையது என்றால், கோவர்த்தனனுடையது. பெண்டாட்டி எங்கே கடந்தாள் என்று இருபத்தெட்டு வருஷம் பார்த்தவர்! ஆறு காய்ந்திருந்ததும் அவர் புத்தியும் காய்ந்துவிட்டது. ஆள் முழுகுகிற மடுவின் மேல் எட்டுக் குச்சி நட்டுவிட்டு ஏ.இ. போனார்.

சாயங்காலம் தேவயானி வந்து பார்த்தாள். ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டுக் குச்சிகளையும் பிடுங்கினாள். இருநூறு மீட்டர் மேலே கொண்டுபோய்ப் பாறையின் மேல் வரிசையாக நட்டாள். எட்டாவது குச்சி கரையேறி எங்கே விழுந்தது தெரியுமா? கோவர்த்தனனின் கத்தரித் தோட்டத்து நடுவில். அவர் அப்பா முள் வெட்டித் திருத்திய வண்டல் மண், இரண்டேகால் ஏக்கரிலும் அதுதான் முதல் தரம்.

மறுநாள் வந்த ஏ.இ. குதித்தார். "ஏமம்மா, நுவ்வு இஞ்சினீரா?" நீ என்ன இன்ஜினீயரா என்று கத்தினார். தேவயானி ஒரு கடப்பாரையை நீட்டினாள். "சார், அங்க ஒரு குத்து குத்துங்க, இங்க ஒரு குத்து குத்துங்க. அப்புறம் என் மேல கேஸ் போடுங்க." தெருக்கோடிக்கு நேரே கடப்பாரை பிடி வரைக்கும் மணலில் இறங்கியது. அவள் காட்டிய இடத்தில் இரண்டடியில் டங்கென்று நின்றது. நாலு இடம் குத்தினார்கள், நாலு இடத்திலும் டங். நல்ல மனிதர் அந்த ஏ.இ.; தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, எஸ்டிமேட்டைத் திருத்தி எழுதினார்.

பாலத்துக்கு ரோடு போட அதில் பன்னிரண்டு செண்டு போனது. எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீஸில் ஊரே சுற்றி நிற்க, கோவர்த்தனனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மேஜை மேல் எறிந்தார். "கை போட்டாச்சி. கால் வெக்க மாட்டேன். இது என் அப்பா மேல சத்தியம்." அப்படிப் பிறந்ததுதான் அந்தச் சபதம்.

மண் போனது மட்டுமா அவருக்கு வலித்தது? புருஷன் என்று ஒருத்தன் வீட்டில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறான், அவனை ஒரு வார்த்தை கேட்டாளா இவள்? அதுதான் முள்ளாகக் குத்தியது. கேட்டிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்பதும் அவருக்குத் தெரியும். அது தெரிந்ததால் இன்னும் அதிகமாகக் குத்தியது.

பாலம் திறந்த வருஷமே கார்த்திகையில் வெள்ளம் வந்தது. இரண்டு நாள் தண்ணீர் பாலத்தை மூடிக்கொண்டு ஓடியது. மூன்றாம் நாள் வடிந்தபோது ஒரு கல் பெயராமல் பாலம் நின்றது. தெருக்கோடிக்கு நேரே, இவர்கள் காட்டிய இடத்தில், அடித்துக்கொண்டு வந்த முழுத் தென்னைமரம் ஒன்று சுழலில் செங்குத்தாக உள்ளே போய் மறைந்ததைக் கோவர்த்தனன் தன் கண்ணால் பார்த்தார். ஊரையே கூப்பிட்டு, பாருங்கடா, என் பெண்டாட்டிடா என்று கத்த வேண்டும்போல இருந்தது. வீட்டுக்குப் போய், ரசத்தில் உப்பில்லை என்று சண்டை போட்டார்.

இப்படிப்பட்ட மனிதரோடுதான் அன்று மூன்று பேரும் நடந்து பாலத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிரீத்தி பாலத்தின் மேல் ஏறி நின்று, திரும்பி, கையை நீட்டினாள். அந்தக் கையில் வளையல்கள். இன்னும் சீமந்தம் ஆகவில்லை, அதற்குள் ஆசைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டவை. கோவர்த்தனன் கையைப் பார்த்தார். சுற்றிலும் சோற்று மூட்டைகளோடு ஊர் ஜனம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்க்கவும் தொடங்கிவிட்டார்கள். அப்பா பேரில் செய்த சத்தியம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"சரி நைனா" என்றாள் பிரீத்தி. அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் கூடப் பொறுத்திருப்பார்.

மேலே அவர்கள் மூன்று பேரும், கீழே நாலு முழம் தள்ளி இவரும் நடந்தார்கள். தண்ணீர் தொடையளவு. காலடியில் பாறை வழுக்காமல் சொரசொரவென்று இருந்தது. அவருக்கு அழுகை முட்டியது. முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார்.

பாலத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. யாரோ புத்தூர்ப் பக்கத்து ஆள், ஊருக்குள் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். இறங்கி நின்று தண்ணீரை வீடியோ எடுத்துக்கொண்டே காருக்குள் இருந்த தன் பெண்டாட்டியிடம் உரக்கப் பேசினார்.

"பாரு, தெருவுக்கு நேரா கட்டாம எவ்ளோ தூரம் சுத்தி இஸ்துக்கினு வந்துருக்கானுங்க. இன்னாத்துக்குன்ற? எவனோ ஒருத்தன் தன் நெலத்துக்கு ரோடு வரணும்னு ஆபீஸ்ல ஆளப் புடிச்சிருப்பான். ஊரு எக்கேடு கெட்டா அவனுக்கின்னா!"

தேவயானியின் காதிலும் அது விழுந்தது. வாளியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். வராந்தா வராந்தாவாக நின்ற காலம் முழுக்க வாடாத முகம் ஒரு நொடியில் வாடியது. கீழேயிருந்து கோவர்த்தனன் அதைப் பார்த்தார்.

அப்புறம் நடந்தது அவருக்கே தெளிவாக ஞாபகமில்லை. இரண்டு கையையும் பாலத்து விளிம்பில் ஊன்றி, ஒரே உந்தில் மேலே ஏறினார். நனைந்த வேட்டி தடுக்கியது. ஹரிபிரசாத் ஓடி வந்து தோளைப் பிடித்தான், உதறிவிட்டார்.

"யோவ்! இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு!"

கார்க்காரர் பயந்து போனுடன் பின்வாங்கினார். "பெரியவரே, நான் பொதுவா..."

"இன்னாய்யா பொதுவா? நேரா கட்டணுமா உனக்கு? நேரா மடு இருக்குது, ரெண்டு ஆள் ஆழம். உன் காரையே துன்னுட்டு ஏப்பம் வுடும். எந்த எடத்துல கட்டணும்னு ஊருல ஒருத்தனுக்குத் தெரியல. எனக்கும் தெரியல, நானும் கையக் காட்டின மடையன்தான்! இந்தா நிக்கிறாளே, இவ, என் பொண்டாட்டி, தேவயானி. இருபத்தெட்டு வருஷம் பால் கேனோட நடந்து நடந்து இந்தப் பாறையக் கண்டவ. ஒம்போது வருஷம் அர்ஜி குடுத்தவ. இன்ஜினீர் நட்ட குச்சியப் புடுங்கி இங்க நட்டவ. ஆளப் புடிச்சாளாம் ஆளு!"

பாலத்தில் போய்க்கொண்டிருந்த ஜனம் முழுக்க நின்றுவிட்டது. கோவர்த்தனனுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

"நெலம் யாருதுன்னு தெரியணுமா? என்னுது! பன்னெண்டு செண்டு, எங்கப்பன் திருத்தின மண்ணு, இந்த ரோட்டுக்கு அடியில கெடக்குது. நான் குடுத்தேன். என்னைக் கேட்டுருந்தா குடுத்துருக்க மாட்டேன்யா! அதனாலதான் அவ கேக்கல. அவளுக்கு ஆத்தையும் தெரியும், என்னையும் தெரியும்!"

கார்க்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டார். தேவயானியைப் பார்த்துக் கைகூப்பினார். "தெரியாம பேசிட்டேம்மா. மன்னிச்சிக்குங்க." காரில் ஏறி, சத்தமில்லாமல் கிளப்பிக்கொண்டு போனார்.

அதற்கப்புறமும் யாரும் நகரவில்லை. எல்லோரும் ஏன் கீழே பார்க்கிறார்கள் என்று கோவர்த்தனனுக்கு முதலில் விளங்கவில்லை. அவரும் குனிந்து பார்த்தார். இரண்டு பாதமும் சிமெண்டின் மேல் இருந்தன. சுற்றிலும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

ஒரு நொடி அவர் கண் தண்ணீர்ப் பக்கம் போய் வந்தது. அதைத் தேவயானி கவனித்துவிட்டாள். வேறு நாளாக இருந்தால் பத்து வார்த்தை குத்தலாகச் சொல்லியிருப்பாள். இன்று வாளியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"தூசி பட்டுடுச்சி" என்றாள்.

"ஆமா, ஆத்து நடுவுல தூசி" என்று சொல்லி, கோவர்த்தனன் அவள் தலையிலிருந்த வாளியை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவள் சுமையை ஊர் பார்க்க வாங்கியது அதுதான் முதல் தடவை. பிரீத்தி பக்கத்தில் வந்து அவருடைய ஈரக் கையைப் பிடித்தாள். அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"சீமந்தம் எப்போ வெக்கறதா சொல்றாங்க உங்க அத்தை?"

"பங்குனியில நைனா."

"முடிஞ்ச அன்னிக்கே இட்டுக்கினு வந்துடுவேன். சொல்லி வெச்சிடு." ஓர் அடி எடுத்து வைத்தார், இன்னோர் அடி வைத்தார். "இந்தப் பாலத்து மேலயே இட்டுக்கினு வருவேன்."